நிர்வாகம் பொறுப்பல்ல

எடப்பாடிப் பக்கம் குளிர்காலம் என்றால், மார்கழி விடியலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலையில் ஒரு மங்கி குல்லா. அவ்வளவுதான். அதற்கு மேல் குளிர் வேண்டுமென்றால் சேலம் போய் ஏற்காடு பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம். இந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் இப்போது இமயமலைக்குக் கூட்டிப் போகிறார்கள். அதுவும் டிசம்பர் மாதத்தில், பனி முழங்கால் வரை கிடக்கும் இடத்துக்கு, கல்லூரியின் 'அட்வெஞ்சர் கிளப்' சார்பில்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கற்பனைக் கல்லூரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிள்ளையைச் சுயநிதிக் கல்லூரியில் சேர்த்துவிட்டு ஃபீஸ் கட்டி நொந்தவர்களுக்கு இந்தக் கற்பனையில் தெரிந்த முகங்கள் நிறைய வரும்.

கிளப் பிறந்த கதை சின்னது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு ஆய்வுக்கு வரப்போகிறது. போன தடவை கொடுத்த அறிக்கையில், மாணவர் செயல்பாடுகள் என்ற பக்கத்தில் யோகா தினம், மரம் நடு விழா, மறுபடியும் யோகா தினம் என்று இருந்தது. நட்ட மரம் எங்கே என்று குழுவில் ஒருவர் கேட்டுத் தொலைத்துவிட்டார். இந்தத் தடவை, யாரும் நேரில் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு கட்டியது. அதற்கு இமயமலை தோதாக வாய்த்தது. அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஜியோ டேக் போட்ட ஒரு போட்டோ; பின்னால் பனி, முன்னால் கல்லூரி பேனர். தேவை அந்த ஒரு போட்டோதான். பேனரைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் நாற்பது பிள்ளைகள்.

தயாரிப்பு மும்முரமாகத் தொடங்கியது. முதலில் ஃபிளெக்ஸ். அதில் எவரெஸ்ட் படம். போகிற இடம் எவரெஸ்ட் அல்ல, உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா. அதனால் என்ன? டிசைன் செய்த பையனிடம் இருந்தது எவரெஸ்ட்தான். சிகரத்தின் உச்சியில் தாளாளர், வலப்பக்கச் சரிவில் செயலாளர், இடப்பக்கச் சரிவில் வெளிநாட்டில் எம்பிஏ முடித்துவிட்டு வந்திருக்கும் செயலாளரின் மகன். மலை ஏறப்போகிற மாணவர்கள் அடிவாரத்தில், தபால்தலை அளவில். இவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்கும் இவர்கள் படத்தின் அளவுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாகவே படுகிறது.

அடுத்தது டி-ஷர்ட். திருப்பூரில் ஆர்டர் கொடுத்து, நூறு சதவீதம் பருத்தியில், நெஞ்சில் கல்லூரிச் சின்னம் வைத்து, ஆளுக்கு இரண்டு. தறியும் நூலும் ஓடுகிற சீமையில் பிறந்தவர்களுக்குப் பருத்தியின் குணம் தெரியாமல் இருக்காது. வேர்வையை உறிஞ்சும், சீக்கிரம் காயாது. சித்திரை வெயிலில் அது வரம். பனியில் அதுவே எமன். ஏறும்போது வேர்த்து நனைந்த பருத்தி பனியன், நின்ற மாத்திரத்தில் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். மலையேறத் தெரிந்தவர்கள் முதலில் சொல்லித்தருவதே, உள்ளே பருத்தி போடாதே என்பதைத்தான். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு புத்தி தடுமாற்றம். குளிரே தெரியாமல் சொக்கி உட்கார்ந்துவிடுகிறவன்தான் அந்தக் கூட்டத்தில் அதிக ஆபத்தில் இருப்பவன். கிளப்பின் கோஆர்டினேட்டர் சாருக்கு இது தெரியாது. அவர் வணிகவியல் துறை. போன வருஷம் கோலப்போட்டிக்கும் அவர்தான் கோஆர்டினேட்டர்.

பிறகு வழியனுப்பு விழா. ஒரு சிறப்பு விருந்தினர் பச்சைக்கொடி அசைத்தார். "எடப்பாடிச் சிங்கங்கள் இமயத்தை வெல்லும்" என்று முழங்கினார். சால்வைக்கு ஒதுக்கிய பணத்தில் பனியில் வழுக்காமல் நடக்கக் காலணியில் மாட்டும் முள்பட்டை நாற்பது ஜோடி வாங்கியிருக்கலாம். முள்பட்டை மாட்டிக்கொண்ட காலை ஃபிளெக்ஸில் போட முடியாதே! சால்வை போர்த்துகிற கையைப் போடலாம்.

உடல்தகுதிச் சான்றிதழ் எப்படி வந்தது என்று கேட்டால் மருத்துவ உலகமே வெட்கப்படும். நாற்பது படிவம் மொத்தமாக ஒரு கிளினிக்குக்குப் போனது, சாயங்காலமே நாற்பது கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஸ்டெதாஸ்கோப் ஒரு நெஞ்சையும் தொடவில்லை. சின்ன வயதிலிருந்து இளைப்பு உள்ள ஒரு பெண்ணும் அந்த நாற்பதில் உண்டு. அவளும் 'முற்றிலும் தகுதி'.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கிளப் மிகவும் கவனமாக இருந்தது. மாணவனும் மாணவியும் ஒரே கூடாரத்தில் இருக்கக் கூடாது என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். பனிக்காட்டில் மாதவிடாய் வந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், கழிப்பறைக் கூடாரம் உண்டா என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. உயிரைவிட மானம் பெரிதாம். மானம் பிள்ளைகளுடையது அல்ல, நிர்வாகத்துடையது.

எல்லாவற்றுக்கும் மணிமகுடம் அந்தப் படிவம். "என் மகன்/மகள் சொந்த விருப்பத்தின் பேரில் இப்பயணத்தில் கலந்துகொள்கிறார். பயணத்தில் ஏற்படும் காயம், உடல்நலக்குறைவு, உயிரிழப்பு எதற்கும் கல்லூரி நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை முழு மனதுடன் ஏற்கிறேன்." மொத்தத் தயாரிப்பிலும் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல், வக்கீல் வைத்து, கமா புள்ளி பார்த்துச் செய்த ஒரே காரியம் இதுதான்.

கையெழுத்துப் போட வந்த தறிக்காரர் ஒருவர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். மைக்ரோ ஃபைனான்ஸ் தாளில் சூடுபட்ட கை, படிக்காமல் போடாது.

"ஏனுங்க சார், இதுல உயிரிழப்புன்னு போட்டிருக்குதுங்களே?"

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிங்ண்ணா. எல்லாக் காலேஜ்லயும் வாங்கறதுதான்."

"அங்கெ கூட டாக்டரு யாராச்சும் வருவாங்களா சார்?"

"டூர் ஆபரேட்டர் எல்லாத்தையும் பார்த்துக்குவாருங்க."

"அவரு ஏதாச்சும் பொறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்காருங்களா?"

கோஆர்டினேட்டர் பேனாவை நீட்டினார். பின்னால் வரிசை நின்றது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, மானத்த வாங்காத, போடு" என்றான். அவர் போட்டார். அந்தக் கூடத்தில் மலையேற்றத்துக்கு உண்மையிலேயே தயாராகிக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான். கேட்க வேண்டிய மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டார். பதில்தான் ஒன்றுக்கும் வரவில்லை.

டூர் ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார் என்கிறார்களே, அவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று பார்ப்போம். ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவு தாண்டி டெல்லி. அங்கிருந்து டேராடூன், பிறகு மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க வேன், சாங்க்ரி என்ற கிராமம். அதிலிருந்து இரண்டு மூன்று நாளில் 12,500 அடி. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எட்டாயிரம் அடிக்கு மேலேயே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உயர நோய் ஆரம்பிக்கலாம். முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. தாமதிக்காமல், ராத்திரியானாலும், இறங்குவது. இதைச் சொல்வதற்கு ஒருவன் வேண்டும். "தலை வலிக்குது சார்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, "உச்சி போட்டோ இல்லாம திரும்பக் கூடாது" என்று தாளாளர் சொன்னது காதில் ஒலிக்காத ஒருவன் வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு ஆசிரியர் இலவசம் என்ற கணக்கில் சேர்ந்துகொண்ட கோஆர்டினேட்டர் அந்த ஒருவனாக இருப்பாரா? சம்பளம் போடுகிறவர் சொன்னதை மீறிப் பிள்ளையைத் திருப்பி அழைத்துவர அவருக்கு முதலில் நிரந்தர வேலை வேண்டும்.

மலையேற்றத்தை இந்த நாட்டில் முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் 1954-லிருந்து இருக்கிறது. உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அங்கே அடிப்படைப் பயிற்சி மட்டுமே நான்கு வாரம். அப்படிப் பயின்று அடுத்த படியில் இருந்தவர்களைத்தான் 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு வாரிக்கொண்டு போனது. கிடைத்த உடல்கள் 27, கிடைக்காதவர்கள் இரண்டு பேர். இறந்தவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால், பயிற்றுநர். அதே வருஷம் மே மாதம் எவரெஸ்ட்டும் மக்காலுவும் ஏறியவர். எவரெஸ்ட் ஏறிய காலையே இடறிவிடும் மலை, இமயமலை. அங்கே நம் சிங்கங்கள், கல்லூரி மைதானத்தில் இரண்டு நாள் ஓடிவிட்டு, பள்ளி என்சிசி காலத்து ஷூ மாட்டிக்கொண்டு போகின்றன.

தப்பித் தவறி ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பது ஊகமல்ல. ஏற்கெனவே நடந்தது எல்லாம் பதிவில் இருக்கிறது. 2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. ஹைதராபாதின் விஎன்ஆர் விக்ஞான ஜோதி பொறியியல் கல்லூரி மாணவர்கள் இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போனார்கள். மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுக்குள் பாறைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது லார்ஜி அணையைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் போனார்கள், சுற்றுலா ஊழியர் ஒருவரும் போனார். உடல்களைத் தேடியது நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில். பிறகு இமாசல உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 20 லட்சம் இழப்பீடு என்றது. அதில் கல்லூரியும் பங்கு தர வேண்டும் என்றது. 'பொறுப்பல்ல' என்று படிவம் அச்சடித்து வைத்திருக்கும் தாளாளர்கள் இந்தத் தீர்ப்பை லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

அது வடக்கே என்பீர்கள். நம் தேனி மாவட்டம் பக்கம்தானே? 2018 மார்ச் 11, அதுவும் ஞாயிறு. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத்தான் அனுமதி, போனது கொழுக்குமலைக்கு என்று பிற்பாடு அரசு சொன்னது. முதல் நாள் ஏறியவர்கள் மறுநாள் இறங்கும்போது, ஆளுயரம் காய்ந்து நின்ற புல்லில் தீ. ஓட வழியில்லை, ஓடினால் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர ஆளில்லை. முதலில் ஓடி வந்து, போர்வையில் டோலி கட்டித் தூக்கி இறக்கியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளிகளும். செத்தவர்கள் மொத்தம் 23 பேர். பாதிப்பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில், நாள் நாளாக வெந்து, ஒவ்வொருவராகப் போனார்கள்.

அப்போது முதலமைச்சர், எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் எடப்பாடி கே. பழனிசாமி. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 4 லட்சம் அறிவித்தார். ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை வைத்தார்கள். ஒரு வனச்சரகரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இத்தனை பேர் மலைக்குள் போனது தெரியாது என்றால் சோதனைச்சாவடி எதற்கு? தெரியும் என்றால், மார்ச் மாதத்தில் காய்ந்த புல்லுக்குள் விட்டது எதற்கு? கேள்வி மேலே ஏற ஏறப் பிராணவாயு குறைந்துவிடும்போலிருக்கிறது. சரகர் மட்டத்தைத் தாண்டி எந்தப் பொறுப்பும் ஏறியதாகத் தெரியவில்லை. மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் எழுதினார்கள், அந்த 23 பேர் போன பிறகு. நம் நாட்டில் விதி எழுதப் பேனாவில் மை ஊற்றுவதில்லை.

அதற்கப்புறம் 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே 40 பாதைகளைத் திறந்தது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் மலைமக்களை வழிகாட்டியாகப் பயிற்சி கொடுத்து வைத்து, தீ பிடிக்கும் மாதங்களில் மூடி வைக்கிறார்கள். குறை இருக்கலாம், ஆனாலும் இது ஒரு முறை. முதன்முதலாக மலை ஏறுகிற பிள்ளைகளை எளிதில் தொடங்கி, மிதத்தில் பழக்கி, அதற்கப்புறம் இமயத்தை யோசிக்கலாம். ஆனால் இங்கே பனி விழாதே. பனி இல்லாமல் நாக் குழுவுக்கு எதைக் காட்டுவது?

ஊர்ப் பிள்ளைகளுக்கு மலைக்குத் தயாராகத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எடப்பாடி பருவதராஜகுல மக்கள் வருஷா வருஷம் தைப்பூசத்தை ஒட்டிக் காவடி கட்டிப் பழனிக்கு நடக்கிறார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான வழக்கம் என்கிறார்கள். பழனி மலைமேல் ராத்தங்குகிற உரிமை அவர்களுக்கு மட்டும்தான். அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். பழம் உரிக்க ஆள், சர்க்கரைக்கு ஆள், சமையலுக்கு ஆள், கூட்டத்தை நடத்த ஆள். பெரியவர்களும் குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. விரதம் இருந்து உடம்பையும் மனசையும் பழக்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

பழனி, இமயமலை அல்ல. எழுநூறு படிகூட இல்லாத குன்றையும் பனிச்சிகரத்தையும் ஒன்றாக வைக்க வரவில்லை. சொல்ல வருவது வேறு. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் 'உங்கள் உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதி வாங்குவதில்லை. ஒரு கிழவிக்குக் கால் வீங்கினால் யார் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பது கிளம்பும் முன்பே அங்கே எல்லோருக்கும் தெரியும். எம்பிஏ படித்தவர்கள் நடத்தும் கல்லூரியில், நாற்பது பேரில் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யார் கூட இறங்குவது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. யார்மேல் பழி போடுவது என்பது மட்டும் தெரியும். முன்கூட்டியே தாளில் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. கல்லூரி ஒரு படிவம் நீட்டினால் நாமும் ஒரு படிவம் நீட்டுவோம். வக்கீல் தேவையில்லை, இப்படி எழுதினால் போதும்:

"கீழே கையெழுத்திடும் தாளாளராகிய நான், பின்வருவனவற்றை உறுதி செய்கிறேன். ஒவ்வொரு மாணவரையும் மருத்துவர் நேரில் தொட்டுப் பார்த்துத்தான் சான்று கொடுத்தார். மலையேற்ற நிறுவனத்தில் பயின்று சான்று பெற்றவர்கள், பத்து மாணவருக்கு ஒருவராவது, கூடவே ஏறுகிறார்கள். குளிர் தாங்கும் உடையும் காலணியும் கல்லூரிச் செலவில் கொடுக்கப்பட்டு, அணிந்து பழகப்பட்டன. இமயத்துக்கு முன் உள்ளூர் மலைகளில் பயிற்சி நடந்தது. காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் பெற்றோர் கையில் உள்ளது. உச்சிக்குப் போகாமல் எந்த இடத்திலும் திரும்பும் முழு அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டு. அதற்காக அவர்மேலோ ஆசிரியர்மேலோ நடவடிக்கை கிடையாது. மேற்கண்டதில் எது தவறினாலும் அதற்கு நிர்வாகமே முழுப் பொறுப்பு."

இதில் தாளாளர் கையெழுத்துப் போட்டால் பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். மலை அற்புதமான ஆசான். நம் பிள்ளைகளும் அதைப் பார்க்கத்தான் வேண்டும். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பையனுக்குப் பனிமலையின் அமைதி கிடைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

போடமாட்டேன் என்று சொன்னால், அந்த மலையில் என்ன நடக்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். தெரிந்துகொண்டுதான் பேனாவை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.